யாரும் அடிக்காத வேகம்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். உனக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி? இந்தக் குளிருக்கு அம்மாவின் முழங்கால் படுத்துமே, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாளா?

கேசட் வந்து சேர்ந்தது. விடுதி வார்டன் உறையைத் தன் முன்னாலேயே பிரிக்கச் சொன்னார். அட்டைப் படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, "யாரும்மா இவங்க, ஜெயில்லேர்ந்து தப்பிச்சவங்களா?" என்றார். முடியை முகத்தில் போட்டுக்கொண்டு நடுவில் நிற்பவன் என் அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தவர்கள் என்றேன். கோபித்துக்கொள்ளாதே.

அறையில் என்னோடு இருக்கும் நர்ஸ் அக்காவிடம் டேப் ரெக்கார்டர் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுப் போட்டோம். "என்னடி இது, தகரக் கூரை மேல கல்மழை பெய்யுது!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். இதற்கு த்ராஷ் மெட்டல் என்று பெயர், கோபத்தை வேகமாக வாசிப்பது என்று நீ எனக்குச் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன். இரண்டாவது பாட்டுக்குள் அவள் கால் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கார் ஷெட்டில் நீங்கள் வியர்த்து ஊற்றிப் பழகியது ஒரு முழு ஆல்பமாகி என் கைக்கு வந்திருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். டிங்கர் பட்டறையில் நீ வண்டிகளின் நசுங்கலைத் தட்டி எடுக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு வீட்டுப்பாடம் எழுதியவள் நான். உன் கை எனக்கு மனப்பாடம். கேசட்டில் நீ அடிக்கும் ட்ரம்ஸ் அதைவிட வேகமாகப் போகிறது. முதல் பாட்டுக்கு முன்னால் நீ ஒன்றிலிருந்து நான்குவரை எண்ணுகிறாய் அல்லவா, அந்தக் குரலும் உன்னுடையது மாதிரி இல்லை. மீசை முளைக்காத பையன் குரலாக இருக்கிறது. ஏன்?

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு. வேளைக்குச் சாப்பிடு.

பாப்பா

*

ஜனவரி 26

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே நலம். அம்மா முழங்காலைத் திட்டிக்கொண்டே நடக்கிறாள், நடக்கிறாள் அல்லவா, அது போதும். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "ஜெயில்லேர்ந்து தப்பிச்சவன்தான், முடி வெட்ட காசு கொடுத்தா ஓடிடறான்" என்றாள்.

குரல் விஷயத்தில் நீ அலட்டிக்கொள்ளாதே. ஸ்டூடியோவில் ஆயிரம் மெஷின் வைத்திருப்பான். ரெக்கார்டிங் நடந்த கதையைக் கேள். நாங்கள் ஸ்டூடியோ பிடித்த அன்றைக்கே அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. எங்கள் பாடகன் கரடியைத் தெரியுமே, உறுமினால் நாய்கள் ஓடும், அவன் வாசலில் உட்கார்ந்து அழுதே விட்டான். ஸ்டூடியோக்காரர் ஒரு சர்க்கஸ் கம்பெனியின் பழைய ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கிழட்டு யானை மாதிரி முக்கி முனகி ஓடியது. மொத்த ஆல்பமும் அந்த யானையின் புண்ணியம். பிறகு வேறொரு ஊர் ஸ்டூடியோவில் நல்ல கரண்டில் சரிசெய்து முடித்தோம்.

கேசட் கடைகளில் நிற்பதில்லை. எங்களைக் கேட்டு மூன்று நான்கு ஊர்களில் பையன்கள் பேண்ட் ஆரம்பித்திருக்கிறார்களாம். ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கூப்பிடுகிறார்கள். பட்டறை முதலாளியிடம் சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். "அங்க போயும் தட்டத்தானடா போற" என்றார்.

குளிரில் தலைக்கு ஊற்றாதே.

அண்ணன்

*

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

வேலையை விட்டது திடுக்கென்றிருந்தது. ஆனால் நீ சந்தோஷமாக எழுதியிருந்ததால் நானும் சந்தோஷப்பட்டேன்.

அந்தக் குரல் ஏன் மாறியது என்று கண்டுபிடித்துவிட்டேன்! நான் வேலை செய்யும் மின் மீட்டர் சோதனைக் கூடத்தில் சுவர்க் கடிகாரம் கரண்டில் ஓடுவது. ஜெனரேட்டர் போடும் நாட்களில் அது மட்டும் பின்தங்கிவிடும். அதை நம்பும் எங்கள் சூப்பர்வைசர் அம்மா அன்றைக்கெல்லாம் எங்களைத் தாமதமாகத்தான் வீட்டுக்கு அனுப்புவார். நேற்று அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பளிச்சென்றது. ஜெனரேட்டர் சோம்பலாகச் சுற்றினால் கடிகார மோட்டாரும் சோம்பலாகச் சுற்றுகிறது. உங்கள் டேப் மெஷினிலும் அப்படி ஒரு மோட்டார் இருந்திருக்க வேண்டும். நீங்கள் வாசித்தபோது நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. நல்ல கரண்டில் போட்டதும் நாடா சரியான வேகத்துக்கு வந்துவிட்டது, அதனால் பாட்டு நீங்கள் வாசித்ததைவிட வேகமாகிவிட்டது. குரலும் மெலிந்துவிட்டது.

அப்படியென்றால் ஊரெல்லாம் வாய் பிளக்கிற அந்த வேகத்தை யாருமே அடிக்கவில்லை, இல்லையா அண்ணா? உங்களுக்கு இது தெரியுமா?

நான் யாரிடமும் சொல்லவில்லை. கண்டுபிடித்ததை உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. வேறு ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

பாப்பா

*

மார்ச் 22

பாப்பா,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறோம். அம்மா நன்றாக இருக்கிறாள், பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு வந்து படுத்துக்கொள்கிறாள்.

உன்னைப் படிக்கவைத்தது என் தப்பு. சும்மா சொன்னேன். ஆமாம், தெரியும். அந்த நல்ல ஸ்டூடியோவில் முதல் தடவை போட்டுக் கேட்டபோது கரடி, "என்னடா, என் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு" என்று சிரித்தான். பிறகு ட்ரம்ஸ் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சரிசெய்துவிடலாமா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். கரடி என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றோம். இதை மட்டும் வெளியே விடாதே.

ஆனால் மேடையில் எங்கள் வேகத்தில் வாசித்தால் பையன்கள் ஊளையிடுகிறார்கள். கேசட்டில் இருக்கிற மாதிரி கேட்கிறார்கள். அதனால் நாள் முழுக்கப் பழகினேன். கித்தார்க்காரன் கம்பியை முறுக்கிச் சுருதியை ஏற்றிக்கொண்டான். இப்போது அந்த வேகத்தை அடிக்கிறேன் பாப்பா. நிஜமாகவே. அதனால் அது பொய்யும் இல்லை.

அடுத்த மாதம் உன் ஊருக்கு வருகிறோம். வந்து பார்.

அண்ணன்

*

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். பத்திரமாக ஊர் திரும்பினாயா? அம்மா எப்படி இருக்கிறாள்?

அன்றைக்கு உன்னிடம் அதிகம் பேச முடியவில்லை. அத்தனை பேர் சுற்றி நின்றால் எனக்குத்தான் நாக்கு மடங்கிவிடுமே. நர்ஸ் அக்காவும் நானும் சுவரோரம் நின்று பார்த்தோம். பனியனைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு குதித்த பையன்கள் எல்லோரும் பாடகனை விட்டுவிட்டு உன்னையே பார்த்தார்கள். ஒருவன், "மனுஷனாடா அவன்!" என்று கத்தினான். என் அண்ணன் என்று நானும் கத்தியிருக்கலாம்.

முடிந்தபின் மேடைக்குப் பின்னால் வந்தேன் அல்லவா. நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். கரடி அண்ணன் உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தங்கச்சி, உங்க அண்ணன் பெரிய ஸ்டார் ஆயிட்டான், சட்டை மாட்ட ஆள் வெச்சிருக்கான்" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். டீ கொடுத்தார்கள். நீ டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக் குடித்தாய், விரல்களால் பிடிக்கவில்லை.

கையில் ஏதாவது வலி இருக்கிறதா?

பதில் போடு.

பாப்பா

*

மே 10

பாப்பாவுக்கு,

எல்லோரும் நலம். வெயில் கொளுத்துகிறது. நீ தண்ணீர் நிறையக் குடி.

பொத்தான் விஷயத்தைப் போய் எழுதியிருக்கிறாய். புதுச் சட்டை, ஓட்டை சிறியது. டீ சுட்டது.

நல்ல சேதி சொல்கிறேன். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் எங்கள் ஆல்பத்தைப் பற்றி அரைப் பக்கம் வந்திருக்கிறது. இனி வேகமாக வாசிக்க நினைக்கிறவன் இதைக் கேட்காமல் குச்சியைத் தொடக் கூடாது என்று எழுதியிருக்கிறானாம். கரடி அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு, கண்டவனையெல்லாம் பிடித்துக் காட்டுகிறான். அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல உன் பேரு எங்க இருக்கு, விரலை வெச்சுக் காட்டு" என்றாள். காட்டினேன். அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

தினமும் ஒருவனாவது கடிதம் போடுகிறான். கேசட்டைப் போட்டு, கூடவே அடித்துப் பழகுகிறார்களாம்.

என் எழுத்து கோணலாக இருந்தால் ஓடும் பஸ்ஸில் எழுதியதாக வைத்துக்கொள்.

அண்ணன்

*

மே 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீ சுகம் என்று நீ எழுதுவதை நான் நம்பவில்லை.

உன் கடிதத்தை நர்ஸ் அக்காவிடம் காட்டினேன். விஷயத்துக்காக இல்லை, எழுத்துக்காக. கட்டைவிரல் மரத்துப்போகிறதா, ராத்திரியில் கை எரிகிறதா, சாமான் தானாக நழுவுகிறதா என்று கேட்கச் சொன்னாள். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டால் அப்படித்தான் ஆகுமாம். இப்போதே ஓய்வு கொடுத்தால் திரும்பிவிடும், விட்டுவிட்டால் விரல்கள் சொன்னபடி கேட்காது என்கிறாள். "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, அது இரும்புக் கை இல்ல, எலும்பும் நரம்பும்தான்னு" என்றாள்.

அண்ணா, மேடையில் நின்று கரடி அண்ணன் ஒரு வாக்கியம் சொன்னால் போதாதா? ஜெனரேட்டர் பழுது, நாடா வேகமாகிவிட்டது, நாங்கள் வாசித்தது இவ்வளவுதான் என்று. பாட்டு பாட்டாகத்தானே இருக்கும். பையன்கள் நாலு நாள் ஊளையிடுவார்கள். பிறகு கேட்டுக்கொள்வார்கள். உன் வேகமும் நல்ல வேகம்தான். அதைக் கேட்டுக்கொண்டே நான் எத்தனை பாடம் படித்திருக்கிறேன்!

உடனே டாக்டரைப் பார். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, பயப்படாதே.

பாப்பா

*

ஜூலை 20

அன்புத் தங்கச்சிக்கு உன் அண்ணன் எழுதிக்கொள்வது.

நான் நலம். அம்மாவும் நலம். நீ போட்ட கடிதங்கள் எல்லாம் வந்தன. வேலை நெருக்கடியில் பதில் எழுத முடியவில்லை. இதுவும் நான் சொல்லச் சொல்லக் கரடிதான் எழுதுகிறான். எழுத்துப் பிழை எல்லாம் அவனுடையது. (பொய், தங்கச்சி. இவன்தான் தப்புத் தப்பாகச் சொல்கிறான்.) கையில் சின்னக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். சீக்கிரம் அவிழ்த்துவிடுவார்கள். லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. வேலை நிரந்தரமாகும் நேரம். நேரத்துக்குச் சாப்பிடு. இப்படிக்கு அண்ணன்.

தங்கச்சி, அவன் அம்மாவைக் கூப்பிட எழுந்து போயிருக்கிறான், அதற்குள் எழுதுகிறேன். போன மாதக் கச்சேரியில் மூன்றாவது பாட்டில் வலது கைக் குச்சி நழுவி விழுந்தது. வேறு எடுத்தான், அதுவும் விழுந்தது. இடது கையாலும் காலாலும் பாட்டை முடித்தான். கூட்டம் அதை வேடிக்கை என்று நினைத்து விசிலடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன், அவன் முகத்தைப் பார்த்ததும் அடுத்த வரி மறந்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். ரொம்பத் தள்ளிப்போட்டுவிட்டீர்கள் என்றார் டாக்டர். மெதுவாக வாசிக்கலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். வருகிறான்.

*

ஜூலை 28

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. கரடி அண்ணனின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. சோதனைக் கூடத்தில் கூரை ஒழுகுகிறது. மீட்டர்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு நாங்கள் நனைகிறோம். சூப்பர்வைசர் அம்மா என்னைப் பார்த்து, "நீ பேசி நான் கேட்டதே இல்லையே, ஊமைன்னு நினைச்சேன்" என்றார். சிரித்து வைத்தேன்.

இதோடு ஒரு ரப்பர் பந்து அனுப்பியிருக்கிறேன். கட்டு அவிழ்த்த பிறகு பிடித்துப் பிடித்து விடலாம் என்று நர்ஸ் அக்கா கொடுத்தாள். உனக்கு நேரம் இருந்தால்தான்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கேசட்டை நான் இப்போது போடுவதில்லை. அக்காவுக்கு இரவு வேலை, பகலில் தூங்குகிறாள், அதனால்தான்.

பாப்பா

*

ஆகஸ்ட் 30

பாப்பாவுக்கு,

நலம். இது இடது கை. கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். வலது கையில் மூன்று விரல் இன்னும் தூங்குகிறது. பந்து வந்தது. அமுக்குகிறேன். அது என்னைவிட உறுதி.

பட்டறைக்குப் போனேன். சுத்தியல் கையில் நிற்கவில்லை. முதலாளி அதை வாங்கி ஆணியில் மாட்டினார். வருகிற வண்டிகளின் சாவியை வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். நாற்காலி வேலை. மற்றவர்கள் தட்டுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா என் சட்டைகளில் பொத்தான்களை வெட்டிவிட்டு, அழுத்தினால் ஒட்டுகிற பட்டன் தைத்திருக்கிறாள். எதற்கென்று கேட்டால், "இப்ப இதுதான் ஃபேஷனாம், பக்கத்து வீட்டுல சொன்னாங்க" என்கிறாள். நானும் சரி என்றேன்.

பேண்டுக்குப் புது ஆள் வந்துவிட்டான். அவன் ஊரில் எங்கள் கேசட்டைக் கேட்டுத்தான் ட்ரம்ஸ் வாங்கினானாம். நாடா தேய்ந்து அறுந்து, மூன்றாவது கேசட் ஓடுகிறதாம். முதல் நாள் உட்கார்ந்தான், எல்லாப் பாட்டையும் கேசட்டின் வேகத்தில் கொட்டித் தீர்த்தான். கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பையன். என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். உன் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன். இடது கையெழுத்து நன்றாகத்தான் வருகிறது.

அடுத்த மாதம் லீவு கிடைத்துவிடும். வேலை நிரந்தரமானால் என்ன, ஆகாவிட்டால் என்ன, நான் வருகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடு.

அந்தப் புதியவருக்குக் கை வலிக்கிறதா என்று கேட்டாயா? உன்னைக் கண்டு அவர் எழுந்து நிற்கிறார் என்றால் நீ சொன்னால் கேட்பார். உன் கைக்கு இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணா. அவர் கை இன்னும் நன்றாக இருக்கிறது. அவருக்கு மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிடேன். ரகசியம் உங்கள் நான்கு பேருடையது என்று தெரியும். ஆனால் அதற்காகக் கையைக் கொடுத்தவன் நீ. சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது.

தேவைப்பட்டால் நாடா எவ்வளவு வேகமாகியிருக்கும் என்று கணக்குப் போட்டு நானே எழுதி அனுப்புகிறேன்.

பாப்பா

*

அக்டோபர் 6

பாப்பாவுக்கு,

நலம். நீ வருகிறாய் என்றதும் அம்மா உன் பெட்ஷீட்டைத் துவைத்துப் போட்டுவிட்டாள். மழையில் காயவில்லை, அதற்கும் என்னைத் திட்டுகிறாள்.

நீ எழுதியபடி சொன்னேன். போன வாரம் அந்தப் பையன் ஷெட்டில் தனியாக இருந்தான். மணிக்கட்டில் துணியைச் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தான். எரிகிறதா என்று கேட்டேன். "சும்மா லேசா அண்ணே" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், உன் கடிகாரம் உட்பட. நாங்கள் வாசித்தது இதைவிடக் குறைந்த வேகம், யாரும் அடிக்காத ஒன்றுக்காகக் கையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப உங்களால முடியலங்கறதுக்காக, அப்பவும் முடியலன்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்குத் தாங்கல" என்றான்.

கரடி உள்ளே வந்தான். "நீயே சொல்லுடா இவன்கிட்ட" என்றேன். கரடி ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "உங்க அண்ணன் இப்படித்தான் எதையாவது சொல்லிட்டிருப்பான், நீ வாசி" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மேல் கோபமில்லை. இரண்டாவது ஆல்பத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அவனுக்கும் குழந்தை பிறந்திருக்கிறது.

நீ கணக்கு எதுவும் போட்டு அனுப்பாதே. அதை வைத்துக்கொண்டு அந்தப் பையன் இத்தனை நாள் பழகியதில் எதை அழிப்பான், சொல்லு.

நேற்று சாயங்காலம் இங்கேயே கச்சேரி. மேடைக்குப் பின்னால் போகவில்லை, டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு நின்றேன். முடியை வெட்டிவிட்டதால் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. அவன் அடித்தான் பாப்பா. நிஜமான கையால், கரண்ட் போகாத மேடையில், கேசட்டில் இருக்கிற அதே வேகத்தை ஒரு இடம் பிசகாமல் அடித்தான். துணியில் ரத்தம் ஊறியிருந்தது, விளக்கு வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்த ஒருவன் மூச்சு வாங்க என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பழைய ஆள் மாதிரியே அடிக்கிறான்ல?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

அண்ணன்